ஒரு மாதம் ஆறவேண்டிய வெல்டிங்

அன்று காலை மதெங்கேயின் ரொட்டிக்கடைப் பின்கட்டில் நான்கு பேர் இருந்தார்கள். கடைக்காரர் மதெங்கே அடுப்பு வாயை ஒட்டி, அங்கே இருந்த ஒரே நாற்காலியில். வெல்டிங் பட்டறைக் கின்யுவா மைதா மூட்டையின் மேல், ஒரு காலைத் தொங்கவிட்டு. சினை ஊசிக்காரர் முரியுகி கவிழ்த்துப் போட்ட ரொட்டித் தட்டின் மேல். சக்கரமும் கைப்பிடியும் கழற்றிய மலைச் சைக்கிளின் பிரேமை, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல மடியில் கிடத்தியிருந்தார். அவர் மனைவி ஞாகுதீ வாசலோரத்து பெஞ்சில், மடியில் காகிதமும் கையில் பேனாவுமாக. வெளியே பால் சங்கத்து லாரியில் கேன்கள் ஏறிக்கொண்டிருந்தன.

எழுத வேண்டிய கடிதம் அந்தச் சங்கத்துக்குத்தான். வீடு வீடாகப் போய் மாடுகளுக்கு ஊசி போடும் மலைச் சுற்றை நாளை முதல் பார்க்க முடியுமா முடியாதா என்று இன்றைய லாரியில் எழுத்தாகத் தெரிவிக்க வேண்டும்; தவறினால் சுற்று மோட்டார் பைக் வைத்திருக்கும் கிதுகுவுக்குப் போய்விடும். போனில் சொன்னால் சங்கத்துக்குக் காது கேட்காது, காகிதம்தான் கேட்கும். முரியுகி வீட்டு உலை கொதித்ததே அந்த மலைச் சுற்றில்தான். கீழ் ஊர்களுக்கு ஏற்கெனவே ஊசிக்காரர்கள் தேவைக்கு மேல் இருந்தார்கள். ஞாகுதீக்கு உலையும் கொதிக்க வேண்டும், கணவன் கழுத்தும் நேராக நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"எழுது," என்றார் முரியுகி. "வண்டி தயார், நாளைக் காலையில ஏறிடுவேன். அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுடறேன்."

ஞாகுதீ பேனாவை மூடியபடியே கின்யுவாவைப் பார்த்தாள். "தயாரா?"

"வெல்டிங் பிரமாதம் அக்கா. இரும்பு மாதிரி."

"இரும்பு மாதிரின்னா?"

"இரும்பு இல்லையே, அதனாலதான் மாதிரின்னு சொன்னேன்."

விரிசலை முதலில் பார்த்தவள் அவள்தான். போன வாரம் சேறு துடைக்கும்போது, கைப்பிடி செருகும் முன் கழுத்துக்குக் கீழே சாய்குழாய் வந்து சேரும் இடத்தில் தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு. துணியால் தேய்த்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள், நகம் சிக்கியது. மலையில் ஊசி போட்ட வீட்டிலிருந்து யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள், உருளைக்கிழங்கு கட்டிக் கொடுப்பார்கள். முரியுகிக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. பின்னால் காளை விந்தை உறைநிலையில் காக்கும் நைட்ரஜன் குடுவை இருக்கிறது. எனவே கிழங்கு மூட்டை கைப்பிடியில் தொங்கும். கல்லிலும் வேரிலும் குதித்துக் குதித்து இறங்கும் வண்டிக்கு முன்பாரம் அது. 'கிழங்கை முதுகில் கட்டுங்கள்' என்று அவள் சொல்லாத நாளில்லை. சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு.

அதற்குப் பிறகு பட்டது தனிப் பாடு. இரும்பு சைக்கிள் என்றால் சந்தைத் தெருவில் யார் வேண்டுமானாலும் நின்ற நிலையில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பிரேம் அலுமினியம்; அதை ஒட்ட ஆர்கான் வாயு வேண்டும், அது கின்யுவாவிடம் மட்டும்தான் இருந்தது. அவனும் விரிசல் மேலே ஓடாதபடி முனையில் சின்னத் துளை போட்டான், கோட்டைப் பள்ளமாகத் தேய்த்தான், புதுக் கம்பி பிரஷ் வாங்கிவரச் செய்து பளபளவென்று துலக்கினான். எல்லாம் முறைப்படிதான். ஆனால் இரும்பு பழகிய கண், சிவக்கட்டும் என்று காத்திருந்தது. அலுமினியம் சிவக்காது, நின்றது நின்றபடியே இருந்து பொத்தென்று ஒழுகிவிடும். விரிசல் இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க இன்னொரு நாள் போயிற்று. இப்போது அங்கே மீன் செதில் அடுக்கியது போல ஒட்டு பளிச்சென்று இருந்தது. பார்க்க அழகுதான்.

"கின்யுவா, என் முகத்தைப் பாத்துச் சொல்லு. இதுல இவர் மலையிலேர்ந்து இறங்கலாமா?"

கின்யுவா மைதா மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ராத்திரி திகாவுல இருக்கற என் மச்சான்கிட்டப் பேசினேன். டேங்கர் லாரிக்கு வெல்டிங் வெக்கறவன். பிரேம்ல இருந்த நம்பரைப் படிச்சுக் காட்டினேன். ஒரு சின்ன விஷயம் சொன்னான்."

"என்ன சின்ன விஷயம்?"

"ஒட்டு கெட்டியாத்தான் இருக்குமாம். அதுக்குப் பக்கத்துல சூடு பட்ட குழாய்தான் இளகிப்போயிருக்குமாம். உகாலிக் களி மாதிரின்னான். ஒரு மாசம் சும்மா கிடந்தா தானா இறுகிடுமாம்."

முரியுகி எழுந்தே விட்டார். "ஒரு மாசமா! இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நேத்து நீங்க கேக்கலையே அண்ணே."

"எனக்குத் தெரிஞ்சாத்தானேடா கேப்பேன்! மாட்டுக்குப் பருவம் வந்தா ஒரு நாள் தாங்காது. நான் போய் அதுங்ககிட்ட, 'அம்மா, பிரேம் ஆறிக்கிட்டிருக்கு, அடுத்த மாசம் வரைக்கும் கத்தாம இரு'ன்னு சொல்லவா?"

"வேற வழியும் சொன்னான். மெதுவான சூட்டுல ஒரு ராத்திரி அடுப்புல வெச்சா ஒரு மாச வேலை ஒரே ராத்திரில முடிஞ்சுடுமாம்."

அப்போதுதான் எதற்காக எல்லோரையும் ரொட்டிக்கடைக்கு வரச் சொன்னான் என்பது ஞாகுதீக்கு விளங்கியது. மதெங்கேக்கும் விளங்கியது.

"என் அடுப்புலயா? நாளைக்கு என் ரொட்டியில சைக்கிள் வாடை அடிச்சா ஊரு சும்மா இருக்குமா? அதோட ஒண்ணு. இவன் என் மாட்டுக்கு மூணு தடவை ஊசி போட்டான். மூணு தடவையும் சினை நிக்கலை. முதல்ல என் மாட்டுக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் இவன் வண்டிக்கு நான் பதில் சொல்றேன்."

"காலையில பருவம் தெரிஞ்சா சாயங்காலமே ஆளனுப்பணும்," என்றார் முரியுகி. "நீங்க ரொட்டியெல்லாம் வித்துட்டு மறுநாள் மத்தியானம் ஆளனுப்பினா ஊசி என்ன செய்யும்?"

"கேட்டியா ஞாகுதீ? தப்பு என் மேலயாம்!"

"மாடு கிடக்கட்டும் அண்ணே," என்று கின்யுவா குறுக்கே புகுந்தான். "இந்த அடுப்பு எப்படியும் சரிப்படாதுன்னு நினைக்கறேன். சூடு கொஞ்சம் ஏறினாலும் உள்ளதும் போயிடுமாம். சூட்டை அளந்து வெக்கற அடுப்பு வேணுமாம்."

அவ்வளவுதான். தரமாட்டேன் என்று சொன்ன மனிதர் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என் அடுப்புக்கு அளவு தெரியாதா? இந்தக் கையை உள்ள நீட்டினா போதும், சூடு என்னன்னு எனக்குச் சொல்லும்! கொண்டா அந்தப் பிரேமை. இப்பவே உள்ள வெக்கறேன். கொண்டாங்கறேன்!"

ஒரு பக்கம் மதெங்கே இழுக்க, மறுபக்கம் முரியுகி விடாமல் பிடிக்க, பிரேம் நடுவில் ஆடியது. "இழுக்காதீங்க, அங்கதான் இளகியிருக்கு!" என்று கின்யுவா கத்தினான். ஞாகுதீ எழுந்து போய்த் தட்டிலிருந்து அன்றைய ரொட்டி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடிப்பக்கம் கரிக்கட்டை.

"இது என்ன சூடு அண்ணே?"

மதெங்கே பிரேமை விட்டார். "அது... சில பேரு அப்படித்தான் கேட்டு வாங்கறாங்க."

"யாரு?"

"வாங்குவாங்க."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முரியுகி மறுபடியும் ரொட்டித் தட்டின் மேல் உட்கார்ந்தார். "அடுப்பும் வேண்டாம், மாசமும் வேண்டாம். இவன் மச்சான் சொன்னதை நீங்க நம்பறீங்க. என் கண்ணை நான் நம்பறேன். பாரு எப்படி இருக்குன்னு. தயார்னு எழுது."

ஞாகுதீ இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, பின்பக்கத்துக் குழாயில் ஒரு கோடு இழுத்தாள். சாவி வழுக்கிக்கொண்டு போயிற்று. அதே அழுத்தத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் இழுத்தாள். சவுக்காரத்தில் இறங்குவது போல இறங்கியது.

"அக்கா, கீறாதீங்க! கீறல்லேர்ந்துதான் அடுத்த விரிசல் கிளம்பும்!"

முரியுகி இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார். பிறகு பிரேமைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"முடியாதுன்னு எழுதிடு," என்றார் கடைசியில். "கிதுகு எடுத்துக்கட்டும்."

"கிதுகு இந்த மழையில மோட்டார் பைக்கோட மலைக்குப் போற மரப்பாலத்தைத் தாண்டுவானா? அவனையும் பைக்கையும் சேத்துத் தூக்க ஆளனுப்பணும். " ஞாகுதீ கணவன் பக்கம் திரும்பினாள். "கதோனி அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். மேல ஏறும்போது வண்டியை ஓட்டறீங்களா?"

"அந்த ஏத்தத்துல யாரு ஓட்டுவா? தள்ளிக்கிட்டுத்தான் போவேன்."

"அப்ப ஓட்டம் இறங்கும்போது மட்டும்தான். ஒரு மாசம் நடந்து இறங்குங்க."

"நடந்தா பாதி வீட்டுக்குத்தான் போகமுடியும். மீதி மாடுங்க?"

"பாதி மலையில மாடு குளிப்பாட்டற தொட்டி இருக்கில்ல? பக்கத்துலயே மாட்டை அசையாம பூட்டி நிறுத்தற கட்டையும் இருக்கு. நீங்க குடுவையோட அங்கே போய் உக்காருங்க. பருவத்துக்கு வந்த மாட்டை அவங்க அங்கே ஓட்டிக்கிட்டு வரட்டும்."

முதலில் கின்யுவாவின் தோள் குலுங்கியது. பிறகு மைதா மூட்டையே குலுங்கியது.

"சிரிக்காதேடா," என்ற மதெங்கேக்கும் அடக்க முடியவில்லை. "முன்னெல்லாம் மாட்டை ஓட்டிக்கிட்டுக் காளை இருக்கற இடத்துக்குப் போவோம். இப்ப முரியுகி இருக்கற இடத்துக்கு. டேய், மலை பூரா இனிமே உனக்கு என்ன பேருன்னு தெரியுதில்ல?"

தெரியாமல் என்ன! முரியுகியின் காது மடல் வரை சூடேறியது. அவர் நக்குருவில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல் ஒரு தொழுவத்திலும் கால் வைத்ததில்லை. கிழவிகள்கூட அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் சேர்த்து ஒரு மாட்டுக்கட்டையில் கட்டிவைக்கச் சொல்கிறாள்.

"முடியாது," என்றார். "சத்தியமா முடியாது. நான் என்ன, கயித்துல கட்டின காளையா?"

"காளைன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கலாம்," என்றாள் ஞாகுதீ. "கழுத்து முறிஞ்சு கிடந்தா யாரு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப முடியாது. மழையில நின்னுக்கிட்டு, சேத்துல தள்ளிக்கிட்டு, கிழங்கையும் சுமந்துக்கிட்டு வந்தது உங்க சுற்று. அதை ஒரு பட்டப்பேருக்குப் பயந்து கிதுகு கையில குடுப்பீங்களா?"

ஹாரன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நிறுத்தாமல்.

முரியுகி பிரேமைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த கின்யுவாவைப் பார்த்தார். "எழுதித் தொலை. ஆனா தற்காலிக ஏற்பாடுன்னு எழுது. அதுக்குக் கீழ கோடு போடு."

அவள் எழுதினாள். 'ஐயா, மலைச் சுற்று நாளை முதல் இடையறாது நடைபெறும். எனது வண்டி பழுதுபார்க்கப்பட்டு ஒரு மாதம் ஓய்வில் இருப்பதால், மேட்டு வீடுகளின் மாடுகளுக்குக் குளிப்புத் தொட்டி அருகே தினமும் காலையும் மாலையும் ஊசி போடப்படும். இது தற்காலிக ஏற்பாடு. இச்செய்தியைப் பால் கொண்டுவருபவர்களிடம் அறிவிக்க வேண்டுகிறேன்.' தற்காலிகத்துக்குக் கீழே கோடு போட்டாள். முரியுகி வாங்கிப் படித்தார், கோடு போதாதென்று இன்னொன்று தானே இழுத்தார், பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலத்து ஈரத்தில் உறையின் பசை ஏற்கெனவே தன்னோடு தானே ஒட்டிப் பாழாகியிருந்தது. ஞாகுதீ அதைப் பிய்த்துத் திறந்து, காகிதத்தை உள்ளே வைத்து, மதெங்கேயின் தொட்டியிலிருந்து கொஞ்சம் பிசைந்த மாவைக் கிள்ளி விளிம்பில் தேய்த்து அழுத்தினாள்.

"சங்கத்துல எலி தின்னுடப் போகுது," என்றார் மதெங்கே.

"கரிஞ்ச பக்கத்தை வெக்கலை, தின்னட்டும்."

லாரி நகரத் தொடங்கியிருந்தது. அவள் சேற்றில் ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஓட்டுநரின் மடியில் உறையைப் போட்டாள். அவன் அதைக் கண்ணாடிக்கு முன்னால் செருகிக்கொண்டு கியரை மாற்றினான். கேன்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட, லாரி சந்தைத் தெருவைத் தாண்டித் திரும்பியது.