சுஜானி குறுகிய ஞாயிறு

பிரான்காச்சோ மைதானத்தில் ஒன்பதாவது கோல் விழுந்தபோது, சியாகுல்லி அணியின் கோல்காப்பாளர் சுஜானி ஏறக்குறையப் பாதி உயரத்துக்கு வந்திருந்தாள். கோலுக்கு நான்கு விரற்கடை வீதம் குறைந்துகொண்டிருந்தாள். நடுவர் இதை முதல் கோலிலேயே கவனித்தார். கோல்காப்பாளரின் உயரம் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லாததால் ஆட்டத்தைத் தொடரவிட்டார். இடைவேளையில் அவள் தாய் வந்து, கையுறைகள் கழலாதபடி ரப்பர் பட்டி போட்டுவிட்டுப் போனாள்.

பிரான்காச்சோ பெண்களின் பயிற்றுநர் அமலினி. வார நாட்களில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டைத் துப்புரவாக்குவாள். அவள் அணி தொடங்கிய வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். ஒருமுறை பதினான்கு கோல் வாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரணிப் பயிற்றுநர் கைகளைத் தூக்கி ஆடினார். இரண்டு பிள்ளைகள் பிறகு வரவேயில்லை. அடுத்த வருடங்களில் சமநிலை கண்டார்கள், பிறகு வென்றார்கள். இப்போது கடைசி ஆட்டம். புள்ளிகளிலும் கோல் வித்தியாசத்திலும் நகர அணியோடு சமம். இன்னொரு கோல் விழுந்தால் கோப்பை.

"ஒண்டே ஒண்டு காணும், அமலினி," என்றார் கழகத் தலைவர் எமிலியானுஸ். "ஜெனனி கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள்."

"ஓம். அது எனக்கும் தெரியும்."

பந்து வெளியே போன இடைவெளியில் அமலினி கோல் கம்பத்தருகே போய்க் குந்தினாள். "காணும் எண்டால் சொல்லு பிள்ளை. நான் நடுவரோட கதைக்கிறன்."

"நான் போகேல்லை, அன்ரி," என்றாள் சுஜானி. "ஆனா எனக்காக மெல்ல அடிக்கச் சொல்லாதேங்கோ."

அமலினி திரும்பி வந்து ஜெனனியை வெளியே எடுத்தாள். தடுப்பாட்டப் பிள்ளைகளை முன்னுக்கு அனுப்பினாள். அடிக்கிறவள் முழுப் பலத்தோடு அடிக்கவேண்டும் என்றும் சொன்னாள்.

"நான் என்ன பிழை விட்டனான்?" ஜெனனிக்குக் கண் கலங்கியது.

"ஒரு பிழையும் இல்லை. நீ நல்லா அடிக்கிறாய், அதுதான்."

எமிலியானுஸ் தலையில் கைவைத்தார். ஆறு வருட உழைப்பு அது. தடுப்பாட்டக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தாள். சுஜானி பாய்ந்து, தன் நெஞ்சைவிடப் பெரிய பந்தைக் கட்டிக்கொண்டு சேற்றில் உருண்டாள். எழும்பியபோது நான்கு விரற்கடை வளர்ந்திருந்தாள். அடுத்ததையும் பிடித்தாள். அதற்கடுத்ததைக் காலால் தட்டினாள். இரண்டு ஊர்ச் சனமும் எழுந்து கைதட்டியது. பத்துப் பந்துகளைத் தடுத்து, விசில் ஊதியபோது அவள் பழைய உயரத்தைத் தாண்டியிருந்தாள். காற்சட்டை கட்டையாகிப்போனதால் தாய் வீட்டுக்குப் போகும் வழியிலேயே புதிது வாங்கினாள்.

புள்ளிகள் சமமாகவே நின்றதால், மறு ஞாயிறு கோப்பைக்காக நகர அணியோடு தனி ஆட்டம். சியாகுல்லிக்காரர் மாண்டரின் தோடம்பழம் ஏற்றும் லொறியில் வந்து பிரான்காச்சோவுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஜெனனி கடைசி நிமிடங்களில் ஒரேயொரு கோல் அடித்தாள். அது போதுமாக இருந்தது. பிள்ளைகள் அமலினியைக் கோப்பையோடு தூக்கி மைதானத்தைச் சுற்றினார்கள். எமிலியானுஸ் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

நகர அணிக் கோல்காப்பாளர் நான்கு விரற்கடை குறைந்தவளாய் வந்து அமலினிக்குக் கைகொடுத்தாள். குறைந்த உயரத்தை அடுத்த பருவத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வா, பார்ப்போம் என்றாள் அமலினி.