சித்திரைக்குப் போயிருந்தவன்

சங்கரபாண்டி ஆவணியிலேயே கிளம்பி, வரப்போகும் சித்திரைக்குப் போய்விட்டான். கல்லிடைக்குறிச்சியில் இது ஒன்றும் புதிதில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் முன்னால் போய், ஆக வேண்டியதைப் பார்த்து வைப்பது வழக்கம்தான். போனவர்கள் நாலு நாளில் திரும்பிவிடுவார்கள். சங்கரபாண்டி ஐப்பசி பிறந்தும் திரும்பவில்லை.

ஆள் வீட்டை விட்டு எங்கும் போய்விடவில்லை. அதே கூடத்தில், அதே நாற்காலியில்தான் இருந்தான். அவன் மனைவி ஆவுடையம்மாள் அவனைப் பார்க்கலாம், பேசலாம், தொடத்தான் முடியாது. இங்கே அடைமழை கொட்டும். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருப்பான். அவள் வைக்கிற தோசை அவனிடம் போய்ச் சேருவதற்குள் காய்ந்து அப்பளமாகிவிடும். கடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பான்.

அங்கே தொட்டிலுக்குக் கொக்கி அடித்தாகிவிட்டது. உடைந்த ஓடுகளை மாற்றியாகிவிட்டது. பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்துவிட்டான். இங்கே ஒழுகுகிற இடத்தில் ஆவுடை சட்டியை வைத்தாள். அது நிறைந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்து ஊற்றினாள்.

ஒரு மத்தியானம் வலி கண்டது.

"ஏங்க, வலிக்கு."

"பயப்படாத ஆவுட. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. பொம்பளப் பிள்ள. இந்தா, என் மடியிலதான் இருக்கா. கீழ்ப்பல்லு வேற மொளச்சிருக்கு."

அவள் பார்த்தாள். குண்டுப் பிள்ளை ஒன்று அவன் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. ஆவுடைக்கு மனசு குளிர்ந்தது. வலி குறையவில்லை.

"அங்க முடிஞ்சிட்டு. எனக்கு இனிமேதான? ஆட்டோ கூப்பிடணும். கையப் பிடிச்சுக்கிட ஆள் வேணும்."

"நான் வந்துட்டா இவள யாரு பாத்துக்கிடுவா?"

"ஏன், அங்க நான் இல்லையா?"

சங்கரபாண்டி விசிறுவதை நிறுத்தினான். சித்திரைக்குப் போன நாளிலிருந்து அவன் அங்கே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தான். சித்திரை ஆவுடை கையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"நீ இருக்க" என்றான், குரல் இறங்கி. "உறங்குத."

"எழுப்பிராதீங்க. பிள்ளையப் பக்கத்துல போட்டுட்டு வாங்க."

அவன் அப்படியே செய்தான். கூடத்துத் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தான். ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் வேர்த்த முதுகில் விழுந்தது. "ஏயப்பா, என்னா குளிரு!" என்றான். ஆவுடை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை அகப்பட்டது. ஆட்டோ வரும்வரை அவள் விடவில்லை.

நல்லபடியாக முடியும் என்று தெரிந்திருந்தும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுக்குக் கால் நிற்கவில்லை. உள்ளேயிருந்து பிள்ளையின் அலறல் கேட்ட பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தான். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"இனிமே போனா, சாயங்காலக் காப்பிக்கு வந்துரணும்" என்றாள் ஆவுடை, வீடு திரும்பும் வழியில்.

"வந்துருவேன்."

வீட்டில் தாமிரபரணி ஆறு பிள்ளையைப் பார்க்க வந்து கூடத்தில் காத்திருந்தது. ஆவுடை பிள்ளையை அதன் மடியில் கொடுத்தாள். சங்கரபாண்டி காப்பி போடப் போனான். படித்துறையில் சோப்புப் போட்டபடி நின்றவர்கள், ஆறு திரும்பி வரட்டும் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.