சலவைப் பிரிவுக்கு வந்த கடிதங்கள்

போர் தொடங்கி ஒன்றரை வருடம் கழித்துத் தம்பி நான்கு நாள் விடுப்பில் வந்தான். முகாமில் அவனுக்குச் சலவைப் பிரிவில் வேலை. மகன் துப்பாக்கி தூக்குகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்த அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மானக்கேடு.

"ஊரான் துணியெல்லாம் வெளுக்குறவன், உன் துணிய மட்டும் அக்கா தலையில கட்டுறியா?"

"லீவும்மா. சோப்பக் கண்டாலே குமட்டுது," என்று சுவரோரம் படுத்துக்கொண்டான்.

பையைக் கொட்டினேன். மூன்று சட்டைகள். ஒன்றில் இடது பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டு, நெருக்கமான தையல். இவனுக்கு இதெல்லாம் வேறு வருகிறதா என்று வாளியில் ஊறவைத்தேன். பையின் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டு. காதல் என்றுதான் நினைத்தேன். பிரித்தால், 'அன்பு மகனுக்கு.' எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்தே வராது.

ஒன்பது கடிதங்கள். எல்லாம் ஒரே அம்மா எழுதியவை. கடைசிக் கடிதம் பிரிக்கப்படவில்லை.

"யாருதுடா இது?"

எழுந்து உட்கார்ந்தான். "துவைக்க வந்த சட்டைப் பையில மொத லெட்டர் இருந்துச்சு."

"ஆளு?"

"சட்டை மட்டும்தான் வந்துச்சு."

செத்தவர்களின் துணி மூட்டையாக இவர்களிடம் வருமாம். துவைத்து, தைத்து, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வீட்டுக்குத் தகவல் போக மாதக்கணக்காகும். 'ஒரு வார்த்தை போடு, தூங்குவேன்' என்று அந்த அம்மா எழுதியிருக்கிறாள். அந்த மகனே எழுதுவது மாதிரி இவன் பதில் போட்டிருக்கிறான். வேலை மாற்றிவிட்டார்கள், இனி சலவைப் பிரிவுக்கு எழுதுங்கள் என்று. எட்டு மாதமாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அறிவிருக்காடா? நாளைக்கு அந்தம்மா முகாம் வாசல்ல வந்து நின்னா யாரக் காட்டுவ?"

"நீதான் படிச்சவ. நீயே எழுதிச் சொல்லிடு."

"எழுதுறேன். எனக்கென்ன பயம்?"

இந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வீட்டு மனு எல்லாம் என் கைதான். எந்த அதிகாரிக்கும் குழைந்து எழுதியதில்லை.

"இது ஏன் பிரிக்கல?"

"தெரியலக்கா. கனமா இருந்துச்சு."

கிழித்துச் சத்தமாக வாசித்தேன்.

'தம்பி, நீ யாரென்று தெரியாது. நான் சாப்பிட்டேனா என்று என் மகன் ஒரு நாளும் கேட்டதில்லை. நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய். அன்றைக்கே தெரிந்துவிட்டது. நீ நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் தெரியாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். இனி முடியவில்லை. அவன் எப்படிப் போனான்? ஒரு வரி எழுது.'

அம்மா அடுப்பை அணைத்தாள்.

பேனாவை எடுத்தேன். "சொல்லு. அந்தச் சட்டை எப்படி இருந்துச்சு?"

தம்பி வாளியைப் பார்த்தான்.

"இன்னொருத்தனுக்குக் குடுக்க மனசு வரலக்கா. தைச்சு நானே போட்டுக்கிட்டேன்."

என் விரலில் இன்னும் நுரை காயவில்லை. இடது பைக்குக் கீழே. உள்ளங்கை அகலம். அந்த அம்மா கேட்ட வரி அவ்வளவுதான்.

'அம்மா' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"மொதல்ல சாப்டீங்களான்னு கேளுக்கா," என்றான் தம்பி.