ஏழாவது கோட்டுக்குப் பிறகு

...அரை மில்லிதானே மாப்ளே என்று கேட்டாரே, அதுதான் தாங்கவில்லை, கதவுக்கு அரை மில்லி ஒன்றுமில்லை, இழைப்புளியை நாலு தள்ளு தள்ளினால் போதும், கிட்டாரில் அரை மில்லி தள்ளிப்போனால் சுரமே தப்பு, இந்தக் கிட்டாரைச் செய்யச் சொன்ன இமானுவேல் மேகமலைக் கோவிலில் மீட்டும்போது பாடுகிறவர்கள் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் போகும், இது சுந்தர்ராஜ் மச்சானுக்கு எங்கே புரியப்போகிறது, முப்பது வருசமாகத் தேவாரம் ஊரில் கதவும் ஜன்னலும் செய்கிற மனுசர், என் வீட்டுக்காரி செலினுக்குக் கூடப்பிறந்த அண்ணன், அந்த ஒரு காரணத்துக்காக ரம்பத்தை அவர் கையில் கொடுத்தேனே, எனக்குப் புத்தி வேண்டாமா... நேற்று பஸ்ஸில் வந்த கம்பிப் பார்சலை எடுக்கச் சின்னமனூர் போனேன், மூன்று மணி நேரம், திரும்பி வந்தால் கிட்டாரின் விரல்பலகையில் சுரக்கம்பி பதிக்கிற பத்தொன்பது வெட்டும் முடிந்திருக்கிறது, டீ கிளாசோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார், "ஒரு கோட்டக்கூடத் தொடல மாப்ளே, பூராவும் கோட்ட மிச்சம் வச்சு அறுத்திருக்கேன், பாருங்க."

பெருமை வேறு! கதவுக்குக் கோட்டை விட்டுத் தள்ளி அறுக்கலாம், பிறகு சீவி அளவுக்குக் கொண்டு வரலாம், இங்கே கோட்டின் நடுவில்தான் ரம்பம் இறங்க வேண்டும், சீவ இடமே இல்லை, இதை நான் அவரிடம் சொன்னேனா, சொன்னேன், சொல்லியிருப்பேன்... சொல்லாவிட்டால்தான் என்ன, பார்த்தால் தெரியாதா? "மச்சான், நீங்க கக்கூஸ் கதவு செய்யத்தான் லாயக்கு" என்றேன், அவர் கிளாசைக் கீழே வைத்தார், செலினைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார், "அண்ணே சாப்பிடாமப் போறாக" என்றாள் இவள், போகட்டும் என்றேன், இப்போதும் அதையேதான் சொல்வேன், பழைய பங்களாவின் கதவு நிலையிலிருந்து கிடைத்த ஈட்டி மரத் துண்டு, இமானுவேல் தோளில் சுமந்து மலையிறங்கிக் கொண்டுவந்தது, இது போனால் இன்னொன்றுக்கு எங்கே போவேன்? காலையில் ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன், மன்னிப்பைப் பற்றிய வரி வந்ததும் வாய் நின்றுவிட்டது, ஆண்டவரே, அந்த வரியை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன், அது ஜெபமா என்ன...

எட்டிலிருந்து பத்தொன்பது வரை எல்லாமே ஒரே அளவு கிட்டாரின் உடல் பக்கம் தள்ளியிருக்கிறது, அது பிழைத்தது, பலகையின் தலைப்பக்கம் அதே அரை மில்லியைச் சீவியதும் பன்னிரண்டும் சரியாகிவிட்டன, முதல் ஏழுதான் பாவம், அவை தலைப்பக்கம் தள்ளியிருக்கின்றன, சீவியதில் இன்னும் மோசம், நேற்று சாயந்தரமே அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்துப் பசை தடவி ஏழிலும் இறக்கினேன், காய்ந்து மரத்தோடு மரமாகிவிட்டது, சமமாக இழைத்து, பென்சில் வேண்டாமென்று கத்தி முனையாலேயே கீறியாகிவிட்டது, இனி அறுக்க வேண்டியதுதான்... ஆனால் ஏன் ஏழு இந்தப் பக்கம், பன்னிரண்டு அந்தப் பக்கம்? ஒரே கை, ஒரே ரம்பம், எப்போதும் கோட்டுக்கு ஒரே கைப்பக்கம்தான் அறுக்கிறவர், நிற்கிற இடம் மாறினால்தான் பக்கம் மாறும். ஏழாவது முடிந்ததும் பட்டறை மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று அறுத்திருக்கிறார், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நிழல் தன் வேலை மேலேயே விழும்படி, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அறுக்கிறவன் வேலை தெரிந்தவனா, கிறுக்கா பிடித்தது அவருக்கு?

வாய்விட்டே கேட்டிருக்கிறேன் போல. விடியக் கருக்கலில் திராட்சை பறிக்கப் போய்வந்த அலுப்பில் எனக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த செலின் சொன்னாள், "இப்பவாச்சும் கேக்கணும்னு தோணுச்சே. எனக்கு இருமல் வந்துச்சு, ஆடிக் காத்துல மரத்தூளு பூராம் இங்கனதான வருது, அதான் அண்ணே ஜன்னல மறிச்சுக்கிட்டு நின்னாக. இருட்டுதுண்ணே, நான் வெளிய போறேன்னேன். நீ படு ஆத்தா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னாக."

அதற்கு நான் என்ன செய்ய? இருமலுக்காக ஒரு பலகையைக் கெடுப்பதா, முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன, இவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, கக்கூஸ் கதவு என்றபோதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் என் கோபமாவது மிஞ்சியிருக்கும், எனக்கு இப்போது அதுவும்... சரி, போகட்டும், இருந்த இடத்திலேயே நின்று அறுப்போம் என்று நினைத்தேன், கால் கேட்கவில்லை, மேசையைச் சுற்றிப்போய் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன், காற்று சட்டையைப் பிடித்துத் தள்ளியது, கீறல் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆறு வருசமாக எதிர்ப்பக்கம் நின்றுதான் வேலை செய்கிறேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இங்கிருந்து செலினின் முகம் நேராகத் தெரிகிறது. ரம்பத்தை எடுத்தேன். எடுத்த சத்தத்துக்கே அவள் கை தானாகப் போய் முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டது, கண்ணைக்கூடத் திறக்கவில்லை அவள், நான் இன்னும் அறுக்கவே ஆரம்பிக்கவில்லை...