கழுத்துக்குக் கீழே

பழைய தேர்தல் போஸ்டரைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டுகிற புத்தி யாருக்கு வரும்? சரஸ்வதிபுரம் மேதாவுக்கு வந்தது. கல்லூரியில் பாடம் எடுப்பவர், நல்ல மனுஷி. திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போன என்னிடம், மண்டி மொஹல்லா பழைய பேப்பர் கடையில் பொறுக்கியவை என்று பெருமையாகக் காட்டினார். சாமி படம் இருக்க வேண்டிய சுவரில் சைக்கிளும் ஒட்டகமும் தராசுமாகத் தொங்கின. சும்மா கொடுத்தாலும் நான் மாட்டமாட்டேன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிரேம் போடாத ஒன்று மேசைமேல் கிடந்தது. நஞ்சன்கூடு புட்டமாதப்பா, சுயேச்சை, ஏணிச் சின்னம். டெபாசிட் போகும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அதற்குக் கீழே கும்பிட்ட கையைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் புருஷன் சுப்பையாவின் கை.

சுப்பையா அச்சகத்தில் மெஷின் ஓட்டினவர். கடைசி நேரத்தில் சுயேச்சையாக நிற்க ஓடிவருகிறவர்களிடம் பாஸ்போர்ட் படம்தான் இருக்கும். போஸ்டரிலோ வேட்பாளர் கும்பிட்டாக வேண்டும். அதற்காக முதலாளி தன் வெள்ளைச் சட்டையை இவருக்கு மாட்டி, கும்பிடச் சொல்லி ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். கழுத்துக்கு மேலே யார் தலையை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அச்சு மெஷினில் நசுங்கிய அவர் வலது கட்டைவிரலில் நகம் பிளந்து வளர்ந்திருக்கும். போஸ்டரில் அதுகூடத் தெரிந்தது.

மஞ்சள் காமாலையில் அவர் போய் மூன்று வருஷமாகிறது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் படம். அதிலும் மாலை கையை மறைத்துவிட்டது. முகம் மறக்கவில்லை, கைதான் நினைத்துப் பார்த்தால் பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, யார் இவர் என்று மேதா கேட்டார். காகிதத்தின்மேல் விரலை வைத்தேன்.

"எங்க ஊட்டுக்காரருங்க."

கை மட்டும்தான் அவருடையது என்று சொல்ல அதற்கு மேல் வாய் வரவில்லை. வாயாடி என்று தெருவெல்லாம் பேர் வாங்கினவள், அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டேன். படத்தைப் பிரேம் போட்டு எனக்கே தருவதாக அவர் சொன்னது, நான் வாசல் இறங்கும்போது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினுக்கு மேலே ஆணி அடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வாரம் மேதாவே ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். பொதியைப் பிரித்தால் புட்டமாதப்பா மட்டும் இருந்தார். கழுத்தோடு வெட்டி, தங்க விளிம்பு பிரேம் போட்டு, சந்தன மாலை சாத்தியிருந்தது. போனவர்கள் படத்துக்கு நாம் போடுகிற அதே மாலை. அந்த மனுஷன் நஞ்சன்கூட்டில் இன்னும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"மொகம் மட்டும் இருந்தா லட்சணமா இருக்கும்னு வெட்டச் சொன்னேன், சொர்ணலதா," என்றார் மேதா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கும்பிட்டு வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் ஓவென்று அழுதேன். பிறகு புட்டமாதப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓட்டுக் கேக்கவும் அவரு கை வேணும், மாலை வாங்க மட்டும் நீயா?"

ஆத்திரத்தில் படத்தைக் கவிழ்த்துப் போட்டேன். பிரேம் போடுகிறவர்கள் பின்னால் அட்டை வைத்து, கையில் கிடைத்த காகிதத்தை ஒட்டி மூடுவார்கள். இவன் வெட்டியெடுத்ததையே ஒட்டியிருந்தான். பசை வழிந்து, தலைகீழாக, பிளந்த நகத்தோடு சுப்பையாவின் கை இருந்தது.

மாலையைக் கழற்றினேன். கொக்கியைப் பிடுங்கி அடிப்பக்கம் அடித்து, கை வெளியே தெரிகிறபடி ஆணியில் மாட்டினேன். இப்போது புட்டமாதப்பா தலைகீழாக நின்று சுவரை முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார். படம் திரும்பியிருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறேன்.

அந்தக் கை உயிரோடு இருந்தபோது என்னைக் கும்பிட்டதே இல்லை. வேலை விட்டு வந்ததும், மெஷினில் குனிந்திருக்கிற என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டும். நாளெல்லாம் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து தைக்கிறேன். கும்பிட்டது போதும், ஒரே ஒரு தடவை பிரிந்து என் தலையில் தட்டக் கூடாதா?