தேரையை மிதிக்காதவர்கள்

கைக்குழந்தையாக இருந்தபோது நபீசா மேல் தேரை பாய்ந்துவிட்டது என்று காரைக்காலில் அவள் தெருவே சொல்லும். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. பிள்ளை வளராததற்கு ஒரு காரணம் வேண்டுமே, பாவம், தேரை மாட்டிக்கொண்டது. ஓதிப் பார்த்தார்கள், கயிறு கட்டிப் பார்த்தார்கள். முப்பது வயது தாண்டியும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க அவள் எம்பவேண்டியிருந்தது. வரன் வரும்போதெல்லாம் உம்மா அவள் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லுவாள். வந்தவர்கள் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, நேரில் பார்த்த உயரத்தைக் காரணம் சொல்லிப் போய்விடுவார்கள்.

அந்தக் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் நபீசா சைகோனுக்கு வந்தாள். டான் சோன் நாட் விமான நிலையத்தில் விமானம் இறங்கும்போதெல்லாம் கண்ணாடி அதிருகிற ஒரு மாடியில், வீடியோ கேம் செய்யும் சின்ன கம்பெனி. மேடைக்கு மேடை தாவி ஓடுகிற ஆட்டம். அதற்கு ஓர் எதிரிப் பிராணி செய்து காட்ட வேண்டும். ஆட வருகிறவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாள் குழுத் தலைவி ஹான். நபீசா யோசிக்கவே இல்லை. தேரை என்றாள்.

அது மேலே பாய்ந்தால் ஆட்டத்து ஆள் பாதியாகச் சுருங்கிப்போவான். எட்டுகிற மேடை எட்டாது. எகிறி அதன் முதுகில் மிதித்தால் தேரை சப்பையாகும், சுவரில் கதவு திறக்கும். அந்தச் சப்பையாகும் காட்சியை அவள் ஆசை ஆசையாக வரைந்து, தானே ஆடி, மிதித்து மிதித்துப் பார்த்தாள்.

ஒலி அமைப்பு இக்னாஸ். சைகோனில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பம், எழுபத்தைந்தில் போர் முடிந்து மற்றவர்கள் மூட்டை கட்டியபோது கிளம்பாமல் நின்றுவிட்டவர்கள். வீட்டில் கேட்ட தமிழ் அவனிடம் இன்னும் மிச்சமிருந்தது. தேரை கத்துவதை அழகாகப் பதிவு செய்து கொடுத்தான். மிதிபடும் சத்தத்தை மட்டும் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்க்கப் பக்கத்து ஊரான பின் யுவோங்கின் தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். ஜோராகத் தாவினார்கள். தேரை வந்ததும் நின்றார்கள். ஒருத்தி அதைச் சுற்றிப் போக வழி தேடினாள். இன்னொருத்தி கையைக் கட்டிக்கொண்டு, அதுவாகப் போகட்டும் என்று காத்திருந்தாள். யாரும் மிதிக்கவில்லை, கதவும் திறக்கவில்லை. ஏன் என்று ஹான் கேட்டாள். மழையைக் கூப்பிடுகிற பிராணி, அதை எப்படி மிதிப்பது என்று சிரித்தார்கள்.

"நண்டாக மாற்றிவிடு, படத்தை மட்டும் மாற்றினால் போதும்," என்றாள் ஹான். "எனக்கே மிதிக்க மனம் வரவில்லை."

நபீசா இக்னாஸை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இது முன்னாலேயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். நீங்க ஆசையா செஞ்சீங்க, எப்படிச் சொல்றது. எங்க வீட்டுக்குள்ள தேரை வந்தா அம்மா தொரத்தவே மாட்டாங்க."

"என்னைய அது என்ன பண்ணுச்சுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். கயிறு, வரன்கள், பிரியாணி ஒன்றையும் விடவில்லை. அழுகை வந்தது, அதையும் அடக்கவில்லை.

இக்னாஸ் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். "பார்டோன், நபீசா," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான் கடைசியில். "ஆனா அந்தத் தேரைய யாராவது பாத்தாங்களா?"

நபீசா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே திரும்பியபோது நீலச் சட்டைக்காரி ஒருத்தி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள். வழி கிடைக்காத அலுப்பில் தேரையை மேலே பாயவிட்டாள். ஆள் சுருங்கினான். சுருங்கிய ஆள் சுவரோரமாகத் தத்தித் தத்திப் போனான். சுவருக்கு அடியில் நபீசா மூட மறந்த ஒரு சந்து இருந்தது. முழு உயரத்து ஆளுக்கு அதில் தலை நுழையாது. இவன் குனியாமலே நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டான்.

நீலச் சட்டைக்காரி மேசையைத் தட்டி மற்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லாரும் ஓடிப்போய்த் திரும்ப உட்கார்ந்து, தேரைக்கு முன்னால் ஆளை நிறுத்திக்கொண்டு, அது எப்போது தங்கள் மேல் பாயும் என்று காத்திருந்தார்கள். நபீசா பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை பேர் ஆசைப்பட்டுக் குட்டையாவதை அவள் ஜென்மத்தில் கண்டதில்லை.

"அது பிழைதானே? மூடிவிடு," என்றாள் ஹான்.

"மூட மாட்டேன். மிதிக்கிற காட்சியைத்தான் நீக்கப்போகிறேன்."

"அப்புறம் எதிரி எது?"

"சுவர் இருக்கிறதே."

ஹான் அந்தப் பெண்களின் சிரிப்பைச் சற்று நேரம் கேட்டாள். பிறகு, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா, நிரந்தரமாக வா என்றாள். இக்னாஸ் அங்கேயே உட்கார்ந்து தேரையின் கத்தலுக்குப் பின்னால் மழைச் சத்தத்தைச் சேர்த்தான்.

சாயங்காலம் உம்மா போன் செய்தாள்.

"ஒரு எடம் வந்திருக்கும்மா. ஒயரம் கேக்குறாக. எப்பயும் போல ரெண்டு அங்குலம் கூட்டிச் சொல்லிரவா?"

"வேணாம் உம்மா," என்றாள் நபீசா. "உள்ளதச் சொல்லுங்க."