மூன்றாம் வரிசையில் நீலம்

1

சவரிராயன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காப்பி குடித்தான். சட்டையைத் தேய்த்தான். கல்லூரிக்குப் போனான்.

இந்தக் கதையை எழுதுபவனும் அவன்தான். 'நான்' என்று தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. இந்த ஆண்டு, 1963இல், செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறான்.

2

லூர்துராணி அவன் மனைவி. அதே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அவளும் வேலை பார்த்தாள். அவள் அந்த ஆய்வகத்தின் விளக்குப் போல (வேண்டாம். அவள் விளக்கு அல்ல. வேலை செய்தவள்.)

மண்ணச்சநல்லூர் அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. ஒன்று நூல்போல் நீண்டது, மற்றது கிளைவிட்டது. இரண்டையும் ஏறத்தாழ ஒரே எடைக்கு உடைத்துக்கொண்டாள். வரிசைக்கு வரிசை கெட்டியாகும்படி மெத்தில் செல்லுலோஸ் கரைசல் நிரப்பிய மூன்று வரிசைக் கண்ணாடிக் குழாய்களின் அடியில் விட்டாள். பத்து நாள் யாரையும் அந்த மேசைமேல் கைவைக்க விடவில்லை. பிறகு அங்குலத்துக்கு ஒரு சொட்டாக எடுத்து, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அயோடின் விட்டாள். நூல் நீலமாகும், கிளை சிவக்கும். எது முந்தி மேலே ஏறியது என்று கண்ணே சொல்லிவிடும். இத்தனை எளிமையாக யோசிக்க அவனுக்கு வராது.

நீர்த்த கரைசலில் கிளை முந்தியது, நடுத்தரத்திலும் அதுதான். உருவம் கச்சிதமானது, எதிர்பார்த்ததே. மூன்றாம் வரிசை மிகக் கெட்டியான கரைசல். அதில் நீலம் முந்தியதாக எழுதியிருந்தாள்.

"எப்படி, லூர்து?"

"ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல பார்த்தோமே. கூட்டம் நெருக்குனா ஒத்தை ஆளு நழுவிப் போயிடுவான். ரெண்டு கையிலயும் புள்ளைங்களைப் புடிச்சிருக்கிறவ எங்க போவா?"

"கதை நல்லாத்தான் இருக்கு. உடம்பு கொதிக்குது, முதல்ல படு."

3

டைஃபாய்டு. பன்னிரண்டாம் நாள் இறந்தாள்.

அதற்குள் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். காய்ச்சலில் நிறங்களை மாற்றி எழுதிவிட்டாள் என்று முடிவுகட்டி, அவள் நோட்டிலேயே 'நீலம்' என்பதை அடித்துச் 'சிவப்பு' ஆக்கினான். கட்டுரையை இருவர் பெயரிலும் அனுப்பினான்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அதே சோதனையைத் தானே செய்தான். ஆய்வக உதவியாளர் ஷேக் தாவூது பீங்கான் ஓட்டைப் பிடித்திருந்தார்.

"நீலம், சார்."

"தெரியுது, பாய்."

"என் லுங்கியையே, 'அது பச்சை இல்ல பாய், பாசி'ன்னு திருத்துவாங்க அம்மா. அவங்களா கலரை மாத்தி எழுதுவாங்க?"

4

கட்டுரையின் அச்சுப்படி இன்று திருத்தத்துக்கு வந்திருக்கிறது. இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தான்.

அ) 'சிவப்பு' என்பதை நீலமாகத் திருத்தி அனுப்புகிறான். அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆ) அடியில் ஒரு வரி சேர்க்கிறான்: 'சரியாகக் கண்டவர் லூர்துராணி. மாற்றியவன்

இ) ஆஸ்பத்திரியில் அவள் அவன் கையைப் பற்றி, மன்னித்து (பொய். அடித்தாயிற்று.)

எதை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் யாரும் திருத்தக் கூடாது. வார்டில், நோட்டைச் சரிசெய்துவிட்டேன் என்று அவன் சொன்னபோது, கஞ்சி டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாத்திக்குங்க. ஆனா நான் பார்த்தது நீலந்தாங்க."